லென்ஸைத் திட்டுவதற்கு முன்: புது டெலி லென்ஸோடு முதல் பத்து நாள்

வேடந்தாங்கலுக்கு நான் முதன்முதலாக டெலி லென்ஸோடு (தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் லென்ஸ்) போனது ஒரு ஜனவரி ஞாயிற்றுக்கிழமை. லென்ஸ் முந்தின நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்திருந்தது. கேனான் 55-250 மி.மீ. எஸ்டிஎம் (ஃபோகஸுக்கு ஸ்டெப்பிங் மோட்டார் வைத்த வகை), பழைய கேமரா விற்கும் கடையில் வாங்கியது. காலையில் கிளம்பத் தாமதம், வழியில் டிபன், ஏரிக்கரையில் கால் வைக்கும்போது மணி பதினொன்றரை. மூன்று மணி நேரம் எடுத்துத் தள்ளினேன். ராத்திரி கணினியில் போட்டுப் பார்த்தால், 400க்கு மேற்பட்ட படங்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் ஒரு இடைவெளி இருக்குமே, அதுகூடத் தெரியவில்லை. எல்லாம் தண்ணீரில் நனைந்த ஓவியம் மாதிரி கரைந்து கிடந்தது.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டு, மறுநாள் கடை திறப்பதற்கு முன்பே வாசலில் போய் நின்றேன். அவர் அதிகம் பேசவில்லை. லென்ஸை வாங்கினார். முன்னால் நான் மாட்டியிருந்த மலிவு ஃபில்டரைக் கழற்றி மேசையில் வைத்தார். வாசலுக்கு வந்து எதிர்ச்சாரி மருந்துக்கடைப் பலகையை ஒரே ஒரு படம் எடுத்தார். திரையில் பெரிதாக்கிக் காட்டினார். பலகையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த உரிம எண் வரை படிக்க முடிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு எந்த லென்ஸ் வந்தாலும் அதை நேராக வெளியே தூக்கிக்கொண்டு போவதில்லை. பத்து நாள் வீட்டிலும் மொட்டை மாடியிலும் தெருமுனையிலும் வைத்துப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் பயணம். பத்து நாள் கணக்குக்குக் காரணம் உண்டு. குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருக்கும். வாங்கும்போதே கடைக்காரரிடம் எத்தனை நாள் என்று கேட்டு, பில்லின் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே நான் சொல்வது கிராப் சென்சார் கேமராவும் (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார் உள்ளது) நடுத்தர விலை டெலி ஜூமும் வைத்திருக்கும் புதியவர்களுக்கு. மற்ற லென்ஸ்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

கேமராவில் சேருமா?

இதைக் காசு கொடுப்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் பலர் பார்ப்பதில்லை. மாட்ட முடிந்தாலே வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள்.

நிக்கானில் ஏஎஃப்-பி என்று பெயர் போட்ட லென்ஸ்கள் டி90, டி3200, டி5100, டி7000 போன்ற பழைய கேமராக்களில் மாட்டிக்கொள்ளும், ஆனால் ஃபோகஸ் ஆகாது. வேறு சில கேமராக்களுக்கு ஃபர்ம்வேரை (கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளை) புதுப்பித்தால் போதும். அதேபோல் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குக் கேமரா உடலுக்குள் மோட்டார் வேண்டும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அது கிடையாது, கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்குப் போய், பழைய லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டாலும் ஏஎஃப்-டி லென்ஸின் கதை மாறாது.

கேனானில் இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) மாட்டவே மாட்டாது. லென்ஸில் வெள்ளைச் சதுரம் இருந்தால் இஎஃப்-எஸ், சிவப்புப் புள்ளி இருந்தால் இஎஃப். கேமரா மவுன்ட்டில் (லென்ஸை மாட்டும் வளையத்தில்) வெள்ளைச் சதுரம் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

டார்ச் வெளிச்சத்தில் பத்து நிமிடம்

பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். லென்ஸில் இருக்கும் வரிசை எண்ணும் பில்லில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். புது லென்ஸ் என்றால் இதோடு முடிந்தது. பழையது என்றால்தான் டார்ச் வேலை.

அறையை இருட்டாக்கி, இரண்டு மூடிகளையும் கழற்றி, போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், ஒன்றும் தெரியாது. தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும். நாலைந்து தூசி எந்த லென்ஸிலும் இருக்கும், படத்தில் விழாது, விட்டுவிடலாம். சிலந்தி நூல் மாதிரி மெல்லிய கிளைகள் ஓரத்திலிருந்து உள்ளே படர்ந்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர்க் கடற்கரை நகரங்களில் பீரோவுக்குள் வருடக்கணக்கில் கிடந்த லென்ஸ்களில் இது சர்வ சாதாரணம். பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், சுத்தம் செய்தாலும் தடம் போகாமல் நிற்கலாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். லென்ஸை முகர்ந்தும் பார்ப்பேன். பாச்சை உருண்டை வாசமோ பழைய துணி வாசமோ அடித்தால், டார்ச்சை இன்னொரு முறை நிதானமாக அடிப்பேன்.

முழுக்கப் பால் கலந்த மாதிரி மங்கல் தெரிந்தால் அது வேறு வியாதி. எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். அதுவும் வேண்டாம். கடைசியாக, மவுன்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளைப் பாருங்கள். தலையில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ஏன் திறந்தார்கள் என்று கேட்க வேண்டியது உங்கள் உரிமை.

ஒரு எச்சரிக்கை. கழற்றிய லென்ஸ் வழியாகவோ, டிஎஸ்எல்ஆரின் கண்துளை வழியாகவோ வெயில் நேரத்தில் சூரியனைப் பார்க்கக் கூடாது. டெலி லென்ஸ் ஒரு பூதக்கண்ணாடி. காகிதத்தை எரிக்கும் வேலையை அது உங்கள் கண்ணிலும் செய்யும்.

மாட்டியதும் பயமுறுத்தும் விஷயங்கள்

மின்விசிறியை நிறுத்துங்கள். கேமராவை அணைத்து, வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, புள்ளியோடு புள்ளியைச் சேர்த்து, 'டிக்' என்று கேட்கும் வரை திருப்புங்கள். அந்தச் சத்தம் கேட்காமல் விட்டால் லென்ஸ் எப்போது வேண்டுமானாலும் கழன்று விழலாம்.

எஸ்டிஎம் லென்ஸில் ஃபோகஸ் வளையத்தைச் சுற்றினால் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், ஒன்றும் நடக்காது. உடைந்துவிட்டது என்று நினைப்பீர்கள். உடையவில்லை. வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, மோட்டார்தான் நகர்த்துகிறது. கேமரா விழித்திருந்தால்தான் வளையம் வேலை செய்யும். ஷட்டரைப் பாதி அழுத்திவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அதேபோல் அதிர்வுத் தடுப்பு இருக்கும் பல லென்ஸ்களில், அணைத்த நிலையில் மெல்ல ஆட்டினால் உள்ளே ஏதோ லொடலொடவென்று அசையும். அதுவும் இயல்புதான். உள்ளே ஒரு கண்ணாடித் தொகுதி மிதந்துகொண்டிருக்கிறது.

கண்துளைக்குள் எல்லாமே மங்கலாகத் தெரிகிறதா? பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருகி உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும்படி வையுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் இதைச் சரிசெய்யாமல் மாதக்கணக்கில் லென்ஸைக் குறை சொல்வதைப் பார்த்திருக்கிறேன்.

செய்தித்தாள் சோதனை

இதுதான் மொத்த வேலையின் நடு மையம். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள்.

வரி விளம்பரப் பக்கம் ஒன்றை எடுத்து, சுருக்கம் இல்லாமல் நான்கு மூலையும் ஒட்டி, படுக்கை வாக்கில் சுவரில் மாட்டுங்கள். வரி விளம்பரத்தில் எழுத்து பொடியாகவும் பக்கம் முழுக்க ஒரே அடர்த்தியாகவும் இருக்கும். பெரிய புகைப்படம் போட்ட பக்கம் உதவாது. காலை நிழல் விழும் மொட்டை மாடிச் சுவர் அருமையான இடம். வீட்டுக்குள் குழல்விளக்கில் எடுத்தால் ஒரு தொல்லை உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். 1/500 மாதிரி வேகத்தில் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் இருட்டாகவும் வரும். அதனால் பகல் வெளிச்சம்தான் நல்லது.

தூரக் கணக்கு: செய்தித்தாள் பக்கம் ஏறக்குறைய 54 செ.மீ. நீளம். கிராப் கேமராவில் அது படச்சட்டம் முழுக்க நிறைய, 55 மி.மீ.யில் சுமார் 1.3 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். 250 மி.மீ.யில் 6 மீட்டர் போக வேண்டும். கூடத்திலிருந்து சமையலறை வாசல் வரை காலி செய்யச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்பதாலும்தான் மொட்டை மாடி.

ட்ரைபாட் இல்லையென்றால், ஒரு மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக் கட்டி, ஸ்டூல் மேல் வைத்து, அதன் மேல் கேமராவைப் பதித்து வையுங்கள். விலை கொடுத்து வாங்கும் பீன் பேக் செய்யும் வேலையை இது அப்படியே செய்யும்.

அடுத்தது எல்லோரும் கோட்டை விடும் இடம். கேமரா சுவருக்கு நேராக இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கம் மங்கலாகும், நீங்கள் பழியை லென்ஸ் மேல் போடுவீர்கள். இதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. தாளின் நடுவில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு தட்டையாக ஒட்டுங்கள். கண்துளை வழியாகப் பார்த்தால், அந்தக் கண்ணாடிக்குள் உங்கள் லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நடு மையத்தில் தெரிய வேண்டும். தெரியும் வரை கேமராவை நகர்த்துங்கள். தெரிந்ததும் கண்ணாடியை எடுத்துவிடலாம்.

இனி அமைப்புகள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100. ரா கோப்பும் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்து. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ், நடுப் புள்ளி. இரண்டு நொடி டைமர், ஏனென்றால் விரல் பட்டாலே டெலி லென்ஸ் ஆடும். கேமரா அசையாமல் நிற்பதால் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் கண்துளையை விட்டுவிட்டு, திரையில் பார்க்கும் லைவ் வியூவில் எடுங்கள்.

55, 135, 250 என்று மூன்று இடத்தில், ஒவ்வொன்றிலும் அபர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, முழுக்கத் திறந்து ஒன்று (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்), எஃப் 8இல் ஒன்று, எஃப் 16இல் ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸை வேண்டுமென்றே கலைத்துவிட்டு மறுபடி பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுங்கள். மொத்தம் 27 படம். ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்குத்தான் மூன்று.

கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். 24 மெகாபிக்சல் படத்தைச் சாதாரண மானிட்டரில் அப்படிப் பார்ப்பது, ஐந்தடி அகலத்துக்கு அச்சடித்த படத்தின் மேல் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பதற்குச் சமம். எந்த லென்ஸும் கொஞ்சம் அசிங்கமாகத்தான் தெரியும்.

முழுத் திறப்பில் நான்கு மூலையும் கொஞ்சம் மங்கி, எஃப் 8இல் தேறிவந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது. எஃப் 16இல் படம் முழுக்க லேசாக மங்கினாலும் கவலைப்பட வேண்டாம். துளை சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறும், அது இயற்பியல், லட்ச ரூபாய் லென்ஸுக்கும் உண்டு. மையமே மங்கினால் ஃபோகஸ் தவறியிருக்கும் அல்லது கேமரா ஆடியிருக்கும். மறுபடி எடுங்கள்.

கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்: எஃப் 8இல்கூட ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் மங்கல், மற்றவை தெளிவு. உள்ளே ஏதோ ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கலாம், கீழே விழுந்த லென்ஸில் அடிக்கடி நடப்பது. ஆனால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே இடத்தில் வைத்து இன்னொரு படம் எடுங்கள். முன்பு தாளின் வலது மேல் மூலை மங்கலாக இருந்தது என்று வையுங்கள். இப்போதும் தாளின் அதே மூலைதான் மங்கல் என்றால், உங்கள் தாளோ கேமராவின் கோணமோ சரியில்லை. மங்கல் தாளின் இடது கீழ் மூலைக்குப் போய்விட்டால், அது லென்ஸோடு சேர்ந்து திரும்பியிருக்கிறது. குற்றவாளி லென்ஸ்தான். இந்த இரண்டு படத்தையும் போனில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால் வாக்குவாதமே தேவைப்படாது.

என் லென்ஸில் 250இல் இடது ஓரம் ஒரு சிட்டிகை மங்கல். எஃப் 8இல் சரியாகிவிடுகிறது. அந்த ஓரத்தில் 'மெட்ரோ வாட்டர் வசதியுடன், சிறு குடும்பத்துக்கு மட்டும்' என்று ஒரு வாடகை விளம்பரம் இருந்தது. பார்த்துப் பார்த்து மனப்பாடமே ஆகிவிட்டது. பறவைப் படத்தில் ஓரத்தில் இலைதான் இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

டிஎஸ்எல்ஆரில் கண்துளை வழியாக எடுக்கும்போது ஃபோகஸ் பார்ப்பது தனி சென்சார், படம் பதிவது வேறு சென்சார். இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், நீங்கள் கண்ணைக் குறிவைத்தால் காது தெளிவாக விழும். சோதிக்க, சமையலறையிலிருந்து ஐந்து மசாலா டப்பாக்களை எடுத்து மேசையில் ஒரு சாய்கோட்டில் வரிசையாக வையுங்கள். நடு டப்பாவின் எழுத்தைக் குறிவைத்து, கண்துளையில் ஐந்து படம், லைவ் வியூவில் ஐந்து படம். லைவ் வியூவில் நடு டப்பா தெளிவாகவும் கண்துளையில் முன் டப்பாவோ பின் டப்பாவோ தெளிவாகவும் திரும்பத் திரும்ப வந்தால், அளவுத்திருத்தம் தேவை. நடுத்தரக் கேமராக்களில் மெனுவிலேயே அதற்கு வழி இருக்கும். தொடக்கநிலைக் கேமரா என்றால் சர்வீஸ் சென்டர்தான். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம், படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்கிறது.

இப்போது உங்கள் கையைச் சோதியுங்கள்

லென்ஸ் தேறிவிட்டது. பாக்கி இருப்பது நீங்கள்.

கையில் பிடித்து எடுக்கும்போது, குவியத் தூரத்துக்கு (லென்ஸின் மி.மீ. எண்) இணையான ஷட்டர் வேகம் வேண்டும் என்பது பழைய விதி. கிராப் கேமராவில் அதையும் பெருக்க வேண்டும். கேனானுக்கு 1.6, நிக்கான், சோனிக்கு 1.5. ஆக 250 மி.மீ. கேனானில் 400 ஆகிறது, 1/400 வேண்டும். அதிர்வுத் தடுப்பு இருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலும் எடுக்கலாம். எவ்வளவு குறைவு என்பதைப் பெட்டியில் போட்டிருக்கும் எண் சொல்லாது, உங்கள் கைதான் சொல்லும்.

எதிர்வீட்டுப் பெயர்ப்பலகையையோ மின்கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணையோ குறிவைத்து, 250இல், 1/400, 1/200, 1/100, 1/50 என்று ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் பத்துப் படம் எடுங்கள். அதிர்வுத் தடுப்பு போட்டு ஒரு சுற்று, அணைத்து ஒரு சுற்று. பத்தில் எத்தனை தெளிவு என்று எண்ணி எழுதுங்கள். பத்துக்கு எட்டு தேறும் வேகம்தான் உங்கள் வேகம். எனக்கு 1/100. காபி குடித்த கையோடு எடுத்தால் 1/200.

இடது கை லென்ஸின் அடியில் தாங்க வேண்டும், பக்கவாட்டில் பிடிக்கக் கூடாது. இரண்டு முழங்கையும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். ஷட்டரைப் பாதி அழுத்தி ஒரு நொடி பொறுங்கள். கண்துளைக்குள் காட்சி மிதந்து நிலைகொள்வது தெரியும், அப்போது மீதியை அழுத்துங்கள். புதியவர்கள் ஒரே அழுத்தாக அழுத்திவிடுவார்கள். தடுப்பு விழித்துக்கொள்வதற்குள் படம் விழுந்திருக்கும்.

அப்புறம் ஒன்று. அதிர்வுத் தடுப்பு உங்கள் ஆட்டத்தைத்தான் தடுக்கும். எதிரே இருப்பது ஆடினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஓடும் குழந்தைக்கு 1/500, பறக்கும் பறவைக்கு 1/1000க்கு மேல். இதற்காக ஐஎஸ்ஓவை 1600க்கோ 3200க்கோ ஏற்ற வேண்டி வந்தால் தயங்காதீர்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் படத்தை ஓரளவு காப்பாற்றலாம், ஆடிய படத்தைக் காப்பாற்ற வழியில்லை.

காகம், கொக்கு, 21ஜி

தெருவுக்கு வந்தாகிவிட்டது. ஆடுகிற பொருளில் பழகக் காகத்தைவிட நல்ல ஆசிரியர் இல்லை. கூப்பிடாமல் வரும், சோறு வைத்தால் நேரத்துக்கு வரும், தலையை ஒரு நிமிடம் சும்மா வைக்காது.

காகத்திடம் வெளிச்சக் கணக்கும் கற்கலாம். எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்ப்பது கேமராவின் புத்தி. சட்டம் நிறையக் காகம் இருந்தால் அதை வெளுக்க வைத்துவிடும், எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்து வையுங்கள். சட்டம் நிறையக் கொக்கு இருந்தால் அழுக்காக்கிவிடும். அதற்காகக் கூட்டினால் வெயிலில் இறகின் கோடுகள் வெளுத்து மறையும் ஆபத்தும் உண்டு, ஹிஸ்டோகிராமை (திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக்கொண்டே கூட்டுங்கள். வெளுத்த வானத்தில் சின்னதாகப் பருந்து பறந்தால் அது கறுப்பு நிழலாகிவிடும், ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்ட வேண்டும்.

நம்மை நோக்கி வரும் பொருளைத் தொடர்ந்து ஃபோகஸில் வைத்திருக்கிறதா என்று பார்க்கப் பேருந்து போதும். நடைபாதையில் பத்திரமாக நின்றுகொண்டு, தொடர் ஃபோகஸில் வைத்து (கேனானில் ஏஐ சர்வோ, மற்றவற்றில் ஏஎஃப்-சி), வரும் 21ஜியின் வண்டிப் பதிவு எண்ணைக் குறிவைத்துத் தொடர்ச்சியாக எடுங்கள். இருபது படத்தில் பதினைந்தில் எண் படிக்க முடிந்தால் திருப்திப்படலாம். மேலே எல்இடியில் ஓடும் ஊர்ப்பெயரைக் குறிவைக்காதீர்கள். அந்த விளக்குகள் வேகமாக அணைந்து அணைந்து எரிபவை, 1/1000இல் பாதி எழுத்துதான் விழும். அதையும் லென்ஸ் கோளாறு என்று ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார்.

வேடந்தாங்கலில் என்ன நடந்தது

அந்த 400 படத்துக்கு வருகிறேன். மலிவு ஃபில்டர் பாதி காரணம். நீண்ட லென்ஸுக்கு முன்னால் சமதளமில்லாத கண்ணாடியை மாட்டினால் தெளிவு போய்விடும். ஃபில்டர் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று என்று செய்தித்தாளை எடுத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ராத்திரி தெருவிளக்கை எடுத்தால் சட்டத்தின் எதிர்மூலையில் அதே விளக்கின் பேய்ப்பிம்பம் வருகிறதா என்றும் பாருங்கள். முன்கண்ணாடியைக் காப்பாற்ற ஃபில்டரைவிட ஹூட் (லென்ஸின் முனையில் மாட்டும் வளைய மறைப்பு) மேல். கீழே விழுந்தால் அடியைத் தாங்கும், பக்கவாட்டு வெளிச்சத்தையும் மறைக்கும். என் லென்ஸுக்கு ஹூட் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். வாங்கியவர்களில் பாதிப் பேர் அதைப் பைக்குள் வைத்திருந்த மாதிரியே தலைகீழாக வைத்துக்கொண்டு படம் எடுப்பார்கள். திருப்பி மாட்டுங்கள்.

மீதிப் பாதி காற்று. உச்சிவெயிலில் தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். சூடேறிய தரைக்கும் தண்ணீருக்கும் மேலே அதேதான் நடக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. 250 மி.மீ.யில் நூறு மீட்டருக்கு அப்பால் இருக்கும் மரத்தைப் பார்க்கும்போது, அந்த நெளிவு முழுவதும் படத்துக்குள் வந்துவிடும். இதுதானா என்று அந்த இடத்திலேயே கண்டுபிடிக்கலாம். அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவையை மிக வேகமான ஷட்டரில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடம் நெளிந்திருந்தால் காற்று. எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் ஃபோகஸ். காற்று என்றால் எந்தப் பொத்தானாலும் சரிசெய்ய முடியாது. கிட்டே இருப்பதை எடுங்கள், இல்லையென்றால் மூடி போட்டுவிட்டு இளநீர் குடிக்கலாம்.

அதனால் பறவைக்குப் போகிறவர்கள் நவம்பர் முதல் மார்ச் வரை, விடிந்ததும் ஏரிக்கரையில் இருங்கள். எட்டரை மணிக்கு மேல் எடுப்பதெல்லாம் லாபக் கணக்கில் சேராது. சென்னைக்காரர்களுக்கு 80 கிலோமீட்டர் தள்ளி வேடந்தாங்கல். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் நகருக்குள்ளேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருக்கிறது. இரண்டும் 2022இல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. மாமல்லபுரத்தில் சோதிக்க நினைத்தால் ட்ரைபாடை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தொல்லியல் துறையின் சின்னங்களில் அதற்குத் தனி அனுமதி வேண்டும்.

பத்து நாளுக்குப் பிறகும்

ஏசி அறையிலிருந்து ஜூன் மாதக் காலைக்குள் கேமராவைத் திடீரென்று எடுத்துப் போனால், கண்ணாடி முழுக்க ஆவி படியும். துடைத்தால் மறுபடி படியும். வெளியே போவதற்கு அரைமணி நேரம் முன்பே, மூடிய பையோடு அறைக்கு வெளியே வைத்துவிடுங்கள்.

வைக்கும் இடம்: சமையலறையில் அரிசி போட்டு வைக்கும் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் முள் நின்றால் பூஞ்சைக்கு இடமில்லை. 60ஐத் தாண்டினால் ஜெல்லைச் சூடாக்கி உலர்த்த வேண்டிய நேரம். டப்பாதான் அரிசி டப்பா, அரிசியையே போட்டு வைத்துவிடாதீர்கள், மாவுத்தூசி லென்ஸுக்குள் போகும். தோல் உறையும் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மெரினாவுக்கோ காசிமேட்டுக்கோ போய்வந்தால், லேசாக ஈரமாக்கிப் பிழிந்த துணியால் லென்ஸின் வெளிப்புறத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள். உப்பு மறுநாள் வரை காத்திருக்காது.

சோதனைப் படங்களை அழிக்காதீர்கள். லென்ஸின் பெயரும் தேதியும் போட்ட ஒரு ஃபோல்டரில் வையுங்கள். செய்தித்தாளையும் மடித்து வைத்துக்கொள்ளுங்கள். போன வருடம் ஸ்கூட்டர் நிறுத்தும்போது பை சரிந்து, லென்ஸ் முழங்கால் உயரத்திலிருந்து தரையில் விழுந்தது. வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த மஞ்சளேறிய தாளை அதே மாடிச் சுவரில், அதே 6 மீட்டரில் ஒட்டி எடுத்து, பழைய படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் சிறு குடும்பத்துக்கு மட்டும் வீடு இன்னும் அதே ஒரு சிட்டிகை மங்கலில்தான் இருந்தது.